முடிவுத் திகதி இல்லாத கோடு

அத்தியாயம் பதினான்கு

2025 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21 ஆந் திகதி, சனிக்கிழமை. தீவுக் கிராமமான சரவணையில் மழை இல்லை. வானம் வெளித்திருந்தது. சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று விடியுமுன்னரே எழுந்து பனை ஓலைகளை இடைவிடாது அடித்துக்கொண்டிருந்தது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகுகள் தாமதமாகவே புறப்பட்டன.

ஏரம்பு உயிரோடு இருந்திருப்பின் மேற்கூறிய செய்திகளை இதனினும் சுருக்கமாக எழுதியிருப்பார். "சோளகம். மழை இல்லை. கடல் கூடாது." அவ்வளவே. நாற்பத்தொரு வருடங்களாக, பாடசாலைக் கொப்பிகளில், ஒரு நாளும் தவறாமல் வானிலையை எழுதி வைத்தவர் அவர். வீட்டில் பெரிய நிகழ்வு ஏதேனும் நடந்தால் மாத்திரம் அதன் அருகே இன்னொரு வரி இருக்கும். இடப்பெயர்வின்போது கூட அவர் கைவிடாதது அந்தக் கொப்பிகள் அடங்கிய றங்குப்பெட்டியைத்தான்.

அவர் மே மாதம் 27 ஆந் திகதி காலமானார். வருகின்ற வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள். அன்று வருவோருக்குக் கொடுக்க வேண்டிய கல்வெட்டு, அதாவது அன்னாரின் வாழ்க்கை வரலாற்றைத் தாங்கிய நினைவு நூல், இன்று மாலை ஆறு மணிக்குள் யாழ்ப்பாணத்து அச்சகத்தைச் சென்றடைதல் வேண்டும். அதன் நடுப்பக்கங்கள் இரண்டும் மகள் கிருசாந்தியின் பொறுப்பு. அவள் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை.

காலக்கோடு என்பது நிகழ்வுகளை அவை நிகழ்ந்த ஒழுங்கிலே ஒரு நேர்கோட்டின்மேல் நிறுத்திக் காட்டும் வரைபடமாகும். அதனை இலவசமாக வரைந்து தரும் இணையத்தளம் ஒன்றைக் கிருசாந்தி தன் ஒன்பதாந் தர மாணவர்களுக்காகக் கற்றிருந்தாள். தலைப்பு, திகதி, படம், நிறம் ஆகிய நான்கையும் கொடுத்தால் தளம் தானாகவே அவற்றை உரிய இடத்தில் அமர்த்திவிடும். ஒருவருடைய ஆயுளைக் காட்ட வேண்டுமெனின் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் தேவை. இரண்டுக்கும் இடையே ஒரு நிறக் கோடு நீளும். முடிவுத் திகதி கொடுக்கப்படாதவிடத்து, அந்தக் கோடு இன்றைய நாள் வரை வந்து நிற்கும். நாளை பார்த்தால் ஒரு நாள் நீண்டிருக்கும்.

ஏரம்புவின் மண்ணிறக் கோடு மே 27 இல் நின்றுவிட்டது. மனைவி இலட்சுமிப்பிள்ளையின் மஞ்சள், மூத்த மகன் தயாபரனின் நீலம், கிருசாந்தியின் பச்சை ஆகிய மூன்றும் இன்றைய நாளில் வந்து வரிசையாக முட்டிக்கொண்டு நின்றன.

அந்தப் பச்சைக் கோட்டில்தான் நேற்று மாலை தடங்கல் ஏற்பட்டது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின்படி அவள் பிறந்தது 1985 நவம்பர் 14. அதனை ஏற்றிய பின்னர், தந்தையின் 1987 ஆம் ஆண்டுக் கொப்பியில் அவளுடைய பெயரைத் தாங்கிய வேறொரு வரி கண்ணிற் பட்டது. அதனையும் ஏற்றினாள். உடனே திரையின் நடுவே ஆங்கிலத்தில் ஒரு பெட்டி தோன்றிற்று.

இதே பெயரில் ஒரு கோடு ஏற்கெனவே உள்ளது. இரண்டையும் இணைக்கவா? வேறாக வைக்கவா?

விடை கொடுக்காமலே அவள் மடிக்கணினியை மூடினாள். மூடிய கணினிக்குள் அந்தக் கேள்வி விடியும்வரை காத்திருந்தது. இன்று காலை விறாந்தையில் அமர்ந்து திறந்தபோது, முதலில் வந்ததும் அதுவே.

திரையின் மேல் மூலையில் கண் வடிவில் ஒரு சிறிய குறி. அதன் அருகே ஓர் எண். அவளையும் சேர்த்து, அந்தக் கணத்தில் காலக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்போரின் தொகை அது.

இரண்டு.

இணைப்பை அவள் தமையனுக்கு மாத்திரமே அனுப்பியிருந்தாள். ஊர்காவற்றுறையில் தன் மனைவியின் வீட்டிலிருந்து அண்ணன் பார்க்கிறான் என எண்ணிக்கொண்டாள். பின்னர் கொப்பிகளைத் திறந்து மூன்று வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள்.

14.11.1985. அடைமழை. ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். விடிய 4.10 க்கு மகள்.

24.12.1985. மழை இல்லை. வாடை. கிணற்றடியில் தென்னம்பிள்ளை வைத்தேன்.

3.2.1987. கடும் பனி. வாடை விழுந்துவிட்டது. கிருசாந்தி திரும்பி வந்தாள்.

இரண்டாம் வரியை அடுத்து முப்பத்தொரு பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. திகதி உண்டு. வானிலை இல்லை. ஒரு நாளும் தவறாதவர் என ஊரே சொன்ன மனிதர், முப்பத்தொரு நாட்கள் வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தேத்தண்ணி ஆறுது. விடியக் காலமையே தொடங்கிற்றியே உந்தப் பெட்டியோடை?"

இலட்சுமிப்பிள்ளை குசினியிலிருந்து வந்து மகளின் பின்னால் நின்றாள். வழக்கம்போல அவளுடைய விரல் மகளின் இடது காதின் பின்புறத்தை ஒருமுறை தடவிப் பார்த்தது. கிருசாந்திக்கு நினைவு தெரிந்த நாள் முதலாகத் தாயிடம் உள்ள பழக்கம் அது. அந்த இடத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கரிய மச்சம் உண்டு.

"இண்டைக்கு ஆறு மணிக்குள்ளை அனுப்ப வேணும், அம்மா."

"அப்பாவின்ரை கோடு எது?"

"இந்த மண்ணிறம்."

"வடிவாய்த்தான் இருக்கு. முடிஞ்ச இடத்திலை ஒரு குத்து வைச்சிருக்கிறாய். மஞ்சள் ஆர்?"

"நீங்கள்."

"எனக்குக் குத்து வைக்கேல்லையே?"

"அம்மா!"

"பகிடிக்குச் சொன்னனான். பச்சை?"

"நான்."

தாயின் முகத்தில் பகிடி இல்லாமற் போயிற்று. அவள் சுட்டுவிரலைத் திரையில் வைத்து, பச்சைக் கோட்டின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மெதுவாக இழுத்தாள்.

"இது இடையிலை எங்கையும் அறேல்லைத்தானே?"

"ஏன் அற வேணும்?"

"கேட்டனான்."

கிருசாந்தி மூன்றாவது வரியை உரத்து வாசித்தாள். தாய் தேநீர்க் கோப்பையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"மழைக் கொப்பியை ஏன் கிண்டுறாய்? அந்த மனுசன் மழையை எழுதினது. நீ மழையை மட்டும் பார்."

அவ்வாறு கூறிவிட்டு, கொண்டுவந்த தேநீரைக் கொடுக்காமலே உள்ளே போய்விட்டாள்.

பதினொரு மணியளவில் தயாபரனுடைய மோட்டார்ச் சைக்கிள் படலையடியில் வந்து நின்றது. அவன் பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளன். அலுவலகக் கடிதங்களைப் போல எதையும் கோவைக்குள் அடுக்கிப் பார்க்கும் இயல்பினன்.

"அச்சகத்தாலை ரெண்டு தரம் ஆள் விட்டாச்சு. என்ன, முடிஞ்சுதே? ஒரு கோடு கீறுறதுக்கு ஒரு கிழமை. நாங்கள் படிக்கேக்கை அடிமட்டம் வைச்சு ஒரு நிமிசத்திலை கீறினனாங்கள்."

"உங்கடை கோடு நேராய் வந்ததே, அண்ணை?"

"வராட்டில் வாத்தியார் அதே அடிமட்டத்தாலை தந்தவர்." அவன் சிரித்துக்கொண்டு கதிரையை இழுத்தான். "சரி, அதை விடு. நாளைக்குக் காரைநகராலை வருகினம். செல்வரத்தினத்தின்ரை தமக்கை குறிப்பைக் கையிலை வாங்காமல் போறேல்லை எண்டு நிக்கிறாவாம்."

செல்வரத்தினம் கணித ஆசிரியர். ஆசிரியர் செயலமர்வு ஒன்றிற் பழக்கமானவர். மூன்று மாதங்களாகக் கிருசாந்தியுடன் தொலைபேசியிற் கதைத்து வருபவர். அவருக்குக் குறிப்பிலே, அதாவது சாதகத்திலே, நம்பிக்கை இல்லை. அவருடைய தமக்கைக்கு அதைத் தவிர வேறெதிலும் நம்பிக்கை இல்லை. கிருசாந்தியின் குறிப்பில் செவ்வாய் பன்னிரண்டில் நின்றது. அந்தக் குறிப்பு கலியாணப் பேச்சுக்காக இதுவரை பதினொரு வீடுகளுக்குப் போய், பதினொரு வீடுகளிலிருந்தும் திரும்பியிருந்தது.

"எந்தக் குறிப்பு?" என்றாள் கிருசாந்தி.

"உன்ரை குறிப்புத்தான். வேறை ஆற்றை?"

அவள் கொப்பிகளை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் வாசித்தான். மூன்றாவது வரியில் சற்று அதிகமாகத் தங்கினான்.

"நீ சின்னனிலை சுகமில்லாமல் ஆசுப்பத்திரியிலை கிடந்திருப்பாய். திரும்பி வந்தாய் எண்டு எழுதியிருக்கிறார். இதிலை என்ன?"

"அடுத்த நாளை வாசியுங்கோ."

4.2.1987. பனி. தாயும் சேயும் நலம்.

தயாபரன் கொப்பியை மூடினான். காற்று விறாந்தையின் ஓலைத் தட்டியைத் தூக்கித் தூக்கி அடித்தது. கிணற்றடியில் எதுவோ கனமாக விழுந்த ஓசை கேட்டது. இருவருமே அது என்னவென்று கேட்டுக்கொள்ளவில்லை. கிணற்றடித் தென்னையிலிருந்து தேங்காய் விழுவது அந்த வீட்டில் எப்போதும் நிகழ்வது. அந்தத் தேங்காயை எவரும் பறிப்பதில்லை. விழுந்ததை எடுப்பதுமில்லை. அது தாயின் கட்டளை. காரணம் கூறப்பட்டதில்லை.

"எனக்கு அப்ப நாலு வயசு," என்றான் தயாபரன். "அப்பா குழி வெட்டேக்கை பக்கத்திலை நிண்டனான். தென்னம்பிள்ளை வைக்கப் போறார் எண்டு சொன்னவர். வைச்சவர்தான். ஆனால் தென்னம்பிள்ளைக்கு ஆரும் வெள்ளைத் துணி சுத்துவினமே?"

"இவ்வளவு நாளும் தெரிஞ்சுகொண்டே இருந்தனீங்கள்?"

"தெரியும் எண்டும் சொல்லேலாது. தெரியாது எண்டும் சொல்லேலாது. பிறகு நீ வந்தாய். அதே பேர். அம்மா, தங்கச்சி திரும்பி வந்திட்டாள் எண்டு சொன்னவ. நான் நம்பினனான். அஞ்சு வயசு, பிள்ளை. நம்பாமல் என்ன செய்யிறது?"

"செத்த பதிவு?"

"பதியேல்லை. பதிஞ்சிருந்தால் உனக்கு வேறை பத்திரம் எடுத்திருப்பினம்."

ஆகவே விடயம் இதுதான். 1985 இல் பிறந்த கிருசாந்தி நாற்பதாம் நாள் இறந்தாள். 1987 இல் பிறந்த மகள் அவளுடைய பெயரிலும், அவளுடைய பத்திரத்திலும், அவளுடைய குறிப்பிலும் வளர்க்கப்பட்டாள். முப்பத்தொன்பது வயது எனப் பதிவேடுகள் கூறும் ஆசிரியைக்கு உண்மையில் முப்பத்தெட்டே வயது. பதினொரு வீடுகளிலிருந்து திரும்பியது அவளுடைய குறிப்பு அன்று.

"வேறாக வைக்கப் போறன்," என்றாள் அவள்.

"விசரே உனக்கு? பதினாறு வருசமாய் அரசாங்க உத்தியோகம். செத்த பிள்ளையின்ரை பத்திரத்திலை எடுத்த வேலை எண்டு நீயே அச்சடிச்சு முந்நூறு பேருக்குக் குடுக்கப் போறியோ? நான் இருக்கிற கந்தோரிலேயே கோவை திறப்பாங்கள். இணைக்கச் சொல்லி ஒரு தட்டுத் தட்டு. முடிஞ்சுது."

"அப்ப குறிப்பு?"

"புதுக் குறிப்பு எழுதுறதெண்டால் நேரம் வேணும். அப்பா நாளை எழுதினவர், நேரத்தை எழுதேல்லை. எழுதினாலும் அதிலை என்ன இருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? இதைவிடக் கூடாததாயும் இருக்கலாம்."

அவன் கையை நீட்டினான். அவள் கணினியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கையை எடுங்கோ, அண்ணை. காலமை தொடக்கம் பாத்துக்கொண்டிருந்தது காணாதே?"

"ஆர் பாத்தது?"

"நீங்கள்தான். கண்ணடியிலை ரெண்டு எண்டு காட்டுது."

தயாபரன் சட்டைப் பையிலிருந்து தன் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினான். திரை கறுத்திருந்தது. இரவு மின்சாரம் நின்றதால் அது உயிரிழந்து கிடந்தது. வந்து சேர்ந்ததும் ஏற்றுவதாக எண்ணியிருந்தவன் மறந்துவிட்டான்.

"நான் நேற்றுப் பின்னேரம் ஒருக்காத் திறந்தனான். பிறகு இல்லை."

இருவரும் மூலையிலிருந்த எண்ணைப் பார்த்தனர்.

இரண்டு.

"ஓசியிலை தாறவன் சும்மாவே தருவான்?" தயாபரன் சிரிக்க முயன்றான். "எங்கையோ இருந்துகொண்டு எட்டிப் பாப்பான்."

கிருசாந்தி பகிர்தல் என்ற பகுதியைத் திறந்து, இணைப்பை முற்றாக நீக்கினாள். இனி அவளைத் தவிர எவரும் உள்ளே வர இயலாது எனத் தளம் உறுதி கூறிற்று. பக்கத்தைப் புதுப்பித்தாள். மண்ணிறம், மஞ்சள், நீலம், பச்சை. நடுவிலே அதே கேள்வி. மூலையிலே அதே கண்.

இரண்டு.

தயாபரன் கதிரையைச் சிறிது பின்னுக்கு நகர்த்தினான். அதன்பின் அவன் பகிடி எதுவும் விடவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்தது. மூன்று மணிக்கு மின்சாரம் மறுபடியும் நின்றது. மடிக்கணினியில் இன்னும் சக்தி இருந்தது. நான்கு மணிக்கு அச்சகத்திலிருந்து கிருசாந்தியின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது: ஆறுக்குப் பிறகு இயந்திரத்தில் வேறு வேலை ஏற்றப்படும். நாலரைக்கு அவள் எழுந்து கிணற்றடிக்குப் போனாள்.

அங்கே தாய் ஏற்கெனவே நின்றாள். கையில் விளக்குமாறு. அந்தக் காற்றில் தென்னையின் அடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டிய குப்பையைக் காற்று திரும்பவும் கொண்டுவந்து போட்டது. அவள் திரும்பவும் கூட்டினாள். வேலி ஓரத்தில், வருடக்கணக்காக விழுந்து, விளக்குமாற்றால் ஒதுக்கப்பட்ட தேங்காய்கள் சாம்பல் நிறமாகக் குவிந்து கிடந்தன. சிலவற்றிலிருந்து குருத்துப் புறப்பட்டிருந்தது.

"அம்மா, தலையிலை விழப் போகுது. இஞ்சாலை வாங்கோ."

"எனக்கு விழாது."

"அவள் இஞ்சை இருக்கிறாளே?"

விளக்குமாறு நின்றது.

"இஞ்சை ஒருத்தரும் இல்லை. இஞ்சை விட்டனான். நீயாய் வந்தாய்." தாய் திரும்பாமலே பேசினாள். "மருத்துவிச்சிதான் சொன்னவள். விடேக்கை ஒரு அடையாளம் வைச்சு விடு, வழி மாறாமல் வரும் எண்டு. விளக்குக் கரியை எடுத்து இடது காதுக்குப் பின்னாலை இந்த விரலாலை வைச்சனான். பதின்மூண்டு மாசம் கழிச்சு உன்னைக் கையிலை தரேக்கை முதல் அதைத்தான் பாத்தனான். இருந்தது."

கிருசாந்தியின் கை அவளை அறியாமலே காதின் பின்னால் சென்றது.

"பிறகு உனக்கெண்டு என்னத்துக்கு வேறை பேர், வேறை பத்திரம்? ரெண்டாய் எழுதினால் ஒண்டு போனதாய் முடியும்."

"அந்தக் குறிப்பை என்ரை எண்டு பதினொரு பேருக்குக் குடுத்தனீங்கள்."

"ஓம்."

"எனக்குப் பொருந்தாது எண்டு தெரிஞ்சுதான் குடுத்தனீங்களே?"

"தெரிஞ்சுதான்." இப்போது தாய் திரும்பினாள். அவளுடைய கண்களில் நீர் இல்லை. "பிறந்த நாள் ஒண்டு எழுதினால், போற நாளும் சேர்த்துத்தான் எழுதுப்படும், பிள்ளை. அவளுக்கு அது ரெண்டும் முடிஞ்சுது. முடிஞ்ச பத்திரத்தைத் தேடி ஆரும் திரும்ப வரமாட்டினம். நான் உன்னை அதுக்குள்ளை வைச்சனான். ஒரு காய்ச்சல் வந்ததே உனக்கு? ஊரோடை ஓடேக்கை ஒரு துவக்குச் சன்னம் பட்டதே? பக்கத்திலை பட்டது. உனக்குப் படேல்லை."

"அப்ப இவ்வளவு காலமும் நான் எங்கை இருந்தனான், அம்மா?"

மேலே ஓலைகள் ஒன்றோடொன்று உரசின. ஒரு தேங்காய் விழுந்து, உருண்டு, கிருசாந்தியின் காலடிக்கு வந்து நின்றது. அவள் குனிந்து அதனை எடுத்தாள். வீட்டில் எவரும் இதுவரை செய்யாத காரியம் அது. தாய் ஓரடி முன்னே வந்தாள்.

"நான் பிறந்த நேரத்தைச் சொல்லுங்கோ."

"ஏலாது."

"எனக்கு ஒரு நேரம் இருக்குத்தானே?"

"ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

கிருசாந்தி தேங்காயோடு விறாந்தைக்குத் திரும்பினாள். அதனை மேசையில், கொப்பிகளின் அருகே வைத்தாள். தயாபரன் அதைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். சுவர் மணிக்கூட்டில் ஐந்து இருபத்தெட்டு.

"என்ன எழுதினாலும் மாதத்தையும் நாளையும் போடாதை," என்றான் மெல்லிய குரலில். "ஆண்டை மட்டும் போடு. கேட்டால் அச்சுப் பிழை எண்டு சொல்லலாம்."

"அப்பா ஒரு நாளையும் பிழையாய் எழுதேல்லை, அண்ணை."

அவள் வேறாக வை என்பதை அழுத்தினாள்.

பெட்டி மறைந்தது. பச்சைக் கோட்டின் கீழே இன்னொரு கோட்டுக்கான வெற்றிடம் தனியாகப் பிரிந்து நின்றது. இப்போது தளம் வேறொன்றைக் கேட்டது. முதலாவது கோட்டுக்கு முடிவுத் திகதி உண்டா?

விரல்கள் விசைப்பலகையின்மேல் அசையாது நின்றன. எண்பது வருடங்கள் நீண்ட அந்தப் படத்தில், ஓர் உயிரின் முடிவை எழுதும் பணி, அந்த உயிரின் பெயரையே தாங்கிய ஒருத்தியிடம் வந்து சேர்ந்திருந்தது. அவள் எழுதினாள். 1985 டிசம்பர் 24.

பச்சைக் கோடு இன்றைய நாளிலிருந்து பின்வாங்கிற்று. வருடம் வருடமாகச் சுருங்கி, இடது பக்கத்தில் ஒரு புள்ளியளவில் நின்றுவிட்டது. தயாபரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்றைய நாளில் முட்டிக்கொண்டு நின்ற வரிசையில், ஒரு கணம், மஞ்சளும் நீலமும் மாத்திரமே இருந்தன.

பின்பு அவள் இரண்டாவது கோட்டுக்குத் தொடக்கத்தைக் கொடுத்தாள். 1987 பெப்ரவரி 3. முடிவுத் திகதிக்குரிய இடத்தை வெறுமையாக விட்டாள். நிறம் தெரிவு செய்யவில்லை. தளமே ஊதா நிறத்தைக் கொடுத்தது. ஊதாக் கோடு 1987 இலிருந்து எழுந்து, இன்றைய நாளை வந்தடைந்து, மற்ற இரண்டுடனும் சேர்ந்து நின்றது.

இறுதியாக ஒரு சிறிய கட்டம் எஞ்சியிருந்தது. நேரம், விரும்பினால் மாத்திரம்.

பின்னால் காலடி ஓசை கேட்டது. இலட்சுமிப்பிள்ளை வந்து நின்றாள். இம்முறை அவளுடைய விரல் மகளின் காதுக்குப் போகவில்லை. திரைக்குப் போயிற்று. இடது மூலையிலிருந்த பச்சைப் புள்ளியை அது தேடிக் கண்டுபிடித்தது.

"இது அவளே?"

"ஓம்."

"பேரும் போட்டிருக்கே?"

"போட்டிருக்கு. கிருசாந்தி எண்டு."

"கீழை?"

"கீழையும் கிருசாந்தி."

தாய் நெடுநேரம் அந்தப் புள்ளியிலிருந்து விரலை எடுக்கவில்லை. நாற்பது வருடங்களாக எந்தப் பதிவேட்டிலும் இறக்காத குழந்தை, விரலின் கீழே, நாற்பது நாள் நீளத்தில் அடங்கிக் கிடந்தது. பின்பு தாய் நிமிர்ந்தாள்.

"பின்னேரம்," என்றாள்.

கிருசாந்தி விரல்களை விசைப்பலகைக்குக் கொண்டுபோனாள்.

"விளக்கு வைக்கிறதுக்கு முந்தி. அஞ்சே முக்கால்."

மகள் தலையைக் குனிந்து அந்த எண்களைக் கட்டத்தில் எழுதினாள். சேமித்தாள். திரை ஒருமுறை மங்கித் தெளிந்தது. நான்கு நிறங்களும் ஒரு புள்ளியும் தத்தம் இடங்களில் இருந்தன. மூலையிலிருந்த கண்ணின் அருகே எண் மாறியிருந்தது.

ஒன்று.

தயாபரனும் அதனைக் கண்டான். ஆயினும் அவன் கண்டது அதை மாத்திரமன்று. நேரத்தைச் சொன்ன வேளையில் தாய் மகளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மேசைக்கு எதிரேயிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளுடைய பார்வை சென்ற வழியே திரும்பினான். அங்கே தந்தையின் பழைய மணிக்கூடு தொங்கிற்று.

"அம்மா," என்றான் மெதுவாக, "உது உண்மையான நேரமே?"

இலட்சுமிப்பிள்ளை மேசையிலிருந்த தேங்காயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தாள். வெளியே ஓலைகளின் ஓசை நின்றிருந்தது. காலை முதல் ஓயாத சோளகம் விழுந்துவிட்டது.

மணி மாலை ஐந்து நாற்பத்தைந்து.